கணக்கைப் படம் எடுத்தால் விடை வந்துவிடுகிறது: ஃபோனைத் தடுப்பதா, விடுவதா?

கேள்வி: ஜூன் 14, 2025, மாலை 6.20

மகள் ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழி. கணக்கு வீட்டுப்பாடம் வந்தால் என் ஃபோனை வாங்கிப் படம் எடுக்கிறாள். செயலி வரிவரியாக விடை கொடுக்கிறது, அப்படியே எழுதிக்கொள்கிறாள். நோட்டில் ஒரு தப்பு இல்லை, எல்லாம் டிக். ஆனால் எட்டாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் கணக்கில் 41. நாங்கள் படித்த காலத்தில் ஃபோனும் இல்லை, ஏஐயும் இல்லை, கணக்கு வந்தது. பத்தாவது முடியும்வரை இதெல்லாம் பிள்ளைகள் கையிலேயே படக் கூடாது என்பது என் கட்சி. பாடம் எடுப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 14, இரவு 9.50

ஃபோனைப் பிடுங்கி பீரோவில் பூட்டுவதற்கு முன் ஒன்று செய்துபாருங்கள் அண்ணா. போன வாரம் அவள் முடித்த வீட்டுப்பாடத்தில் ஒரு கணக்கை எடுங்கள். நோட்டை மூடிவிட்டு, கேள்வியை மட்டும் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். பேனா எந்த வரியில் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். திட்டுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு.

நான் ராசிபுரம் பக்கம் வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன், ஆறிலிருந்து பத்து வரை. என்னிடமும் இப்படி நோட்டுகள் வருகின்றன. ஒரு பையனின் நோட்டில் காரணிப்படுத்தும் கணக்கு. பள்ளியில் சொல்லிக் கொடுத்தது நடு உறுப்பைப் பிரிக்கும் முறை: பெருக்கினால் 6, கூட்டினால் 5 வருகிற இரண்டு எண்களைத் தேடு. நோட்டில் இருந்ததோ பத்தாம் வகுப்பில் வரும் சூத்திரம், வர்க்கமூலக் குறியோடு. “இது என்னடா குறி?” என்றேன். “அது அப்படித்தான் அக்கா வரும்” என்றான். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமே அவனிடம் இல்லை. வீட்டுப்பாடம் என்றால் பக்கத்தை நிரப்புவது என்று நினைத்திருக்கிறான், நிரப்பியிருக்கிறான். அப்படி நினைக்க வைத்தது ஃபோன் மட்டும் இல்லை. ஃபோன் வருவதற்கு முன்பும் கோனார் உரையைப் பார்த்து எழுதினார்கள், முன் பெஞ்சுப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதினார்கள்.

ஜூன் 16, காலை 6.15

முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது என்கிறீர்கள். சரி, அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பாடத்துக்கு, தேவைப்பட்டால் ஏழுக்கு, இறங்குங்கள். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினால் அவளுக்கும் அழுகை வரும், உங்களுக்கும் கோபம் வரும்.

முந்தாநாள் எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. தப்பாகப் போட்ட கணக்கில்தான் பிள்ளை என்ன நினைக்கிறது என்பது தெரியும். செயலி அந்தத் தப்பைப் பிறக்கவே விடுவதில்லை.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு 2/3 + 1/4 எழுதிக் கொடுத்தேன். யோசிக்காமல் 3/7 என்று எழுதினான். தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டிவிட்டான். தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒரு தாளை மூன்றாக மடித்து இரண்டு மடிப்பில் கோடு போட்டு நிரப்பச் சொன்னேன்.

“இது பாதிக்கு மேலயா, கீழயா?”

“மேல அக்கா.”

“இன்னொரு கால் சேர்த்தா?”

“இன்னும் ஜாஸ்தி ஆகும்.”

“சரி, நீ எழுதின 3/7 பாதிக்கு மேலயா?”

விரல் விட்டு எண்ணினான். ஏழில் பாதி மூன்றரை. தாளைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான். “கூட்டினா எப்படிக்கா கொறையும்?” என்று அவனே கேட்டான். அதற்கு அப்புறம் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எதற்கு என்று சொல்ல எனக்குச் சில நிமிடங்கள்கூட ஆகவில்லை. 12 என்று அவனே கண்டுபிடித்து 11/12 எழுதினான்.

படம் எடுத்திருந்தால் அந்த 11/12 கண் இமைக்கும் நேரத்தில் வந்திருக்கும். ஆனால் அந்தக் கேள்வி அவன் வாயில் வந்திருக்காது. எனக்குப் பயமெல்லாம் இந்த இடத்தில்தான். திரை, கதிர்வீச்சு, கண் கெட்டுப்போகும் என்பதெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

ஜூன் 17, இரவு 10.05

“கால்குலேட்டர் வந்தபோதும் இப்படித்தான் கத்தினார்கள், ஒன்றும் ஆகவில்லை” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் அந்தக் கட்சி இல்லை. கால்குலேட்டர் பெருக்கலை மட்டும்தான் வாங்கிக்கொண்டது. எதை எதோடு பெருக்குவது என்று நாம்தான் சொல்ல வேண்டும். படம் எடுக்கும் செயலி இரண்டையும் வாங்கிக்கொள்கிறது. யோசிக்கிற வேலையே அங்கே போய்விடுகிறது.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய 1000 மாணவர்களை வைத்து, பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்தது, 2024இல் வெளிவந்தது. கணக்குப் பயிற்சி நேரத்தில் ஒரு பிரிவுக்கு வழக்கமான சாட்ஜிபிடி போன்ற ஒன்று. இன்னொரு பிரிவுக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்கள் சேர்ந்து அமைத்த ஒன்று. மூன்றாவது பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். பயிற்சியில் முதல் பிரிவு 48 சதவீதம் கூடுதலாகச் செய்தது, இரண்டாவது 127 சதவீதம் கூடுதல். அப்புறம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். முதல் பிரிவு, ஒன்றுமே இல்லாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கியது. குறிப்பு மட்டும் வாங்கியவர்களுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

இதில் என்னை உலுக்கிய விஷயம் வேறு. பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதே தெரியவில்லை. உங்கள் மகளின் நோட்டில் இருக்கும் டிக் உங்களை மட்டும் ஏமாற்றவில்லை, அவளையும் சேர்த்துத்தான்.

ஜூன் 18, காலை

மேலே எழுதியதில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இரண்டாம் பிரிவின் 127 சதவீதத்தைப் பார்த்து “அப்போ நல்ல ஏஐ வாங்கிக் கொடுத்தால் போதும்” என்று தனிச்செய்தியில் கேட்கிறார்கள். அது பயிற்சி நேரத்துக் கணக்கு. தேர்வில் அவர்களும் புத்தகத்தோடு படித்தவர்களைத் தாண்டிவிடவில்லை. கெடுதல் இல்லை என்பதுதான் கிடைத்த முடிவு.

ஜூன் 22, ஞாயிறு

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், இன்று டியூஷன் இல்லை.

“கொரோனாவில் ஆன்லைனில் படித்தார்களே” என்று ஓசூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அதை எங்கள் ஊரிலிருந்து சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. இடையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முக்கியமாக இருந்தது கல்வித் தொலைக்காட்சி. 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்ததால் அந்த நேரத்துக்குக் கைகொடுத்தது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். பாடம் எடுத்தவர்கள் நம் ஆசிரியர்கள்தான், நன்றாகவும் எடுத்தார்கள்.

ஆனால் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், மூன்று வகுப்பு, ஒரு டிவி. ஒருவன் பாடம் ஓடும்போது மற்ற இருவரும் வெளியே. கரண்ட் போனால் அந்தப் பாடம் போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, டிவியைப் பார்த்து “சார், மறுபடி சொல்லுங்க” என்று கேட்க முடியாது. ஃபோன் வழி வகுப்பு என்றால், ஃபோன் அப்பாவோடு காலையில் லாரி பட்டறைக்குப் போய்விட்டு ராத்திரிதான் வீட்டுக்கு வரும். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே ஃபோன் என்றால் யார் கைக்கு முதலில் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் 2021 அக்டோபர் 27இல், மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. மாதம் 1000 ரூபாய், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊரிலேயே ஒரு தன்னார்வலர். நானும் சேர்ந்தேன். மாரியம்மன் கோயில் திண்ணையில்தான் வகுப்பு. முதல் வாரத்திலேயே கண்ணைக் கட்டியது. நான்காம் வகுப்பு என்று வந்து உட்கார்ந்த பையன் பள்ளிக்கூடத்தைக் கடைசியாகப் பார்த்தது இரண்டாம் வகுப்பில். 52இல் 27ஐக் கழி என்றால் 35 என்று எழுதுவான். ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று அவன் மனதில் ஒரு விதி. இந்தப் பிள்ளைக்கு நான்காம் வகுப்புப் பாடத்தை டிவியில் போட்டாலும் ஒன்றுதான், தங்கத்தில் எழுதிக் கொடுத்தாலும் ஒன்றுதான்.

வகுப்பைக் கலைத்துவிட்டேன். எழுத்து தெரியாதவர்கள் ஒரு பக்கம், எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் ஒரு பக்கம், ஓட்டமாகப் படிப்பவர்கள் ஒரு பக்கம். ஐந்தாம் வகுப்புப் பெண் முதல் குழுவில் இருந்தாள், இரண்டாம் வகுப்புப் பையன் மூன்றாவதில். 2022இல் சின்ன வகுப்புகளுக்கு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோது அதிலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்தார்கள். பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தத் திண்ணையில் என் ஃபோனும் வேலை செய்தது. எழுத்துக்கூட்டுகிற பிள்ளைகள் படிப்பதை வாய்ஸ் ரெக்கார்டரில் பதிந்து அவர்களுக்கே போட்டுக் காட்டுவேன். “அணில் மரத்தில் ஏறியது” என்பதை “அணில் மரம் ஏறியது” என்று படித்த பாப்பா, தன் குரலைக் கேட்டுக்கொண்டே புத்தகத்தில் விரல் வைத்துப் போய், “த்தில்” மேல் விரல் வந்ததும் நிறுத்தினாள். நான் எதுவும் சொல்லவில்லை. மறுபடி பதியச் சொன்னாள். இதற்குச் செயலியும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். எந்த ஃபோனிலும் இருக்கிறது.

ஜூன் 23

நேற்று எழுதியதற்கு, “உணர்ச்சியாக எழுதுகிறீர்கள், பலன் இருந்ததா?” என்ற கேள்வி. நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளை மூடலுக்கு முன்னும் பின்னும் சோதித்த ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் செய்தது. இழப்பு பெரிது, மொழியைவிடக் கணக்கில் அதிகம். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மிச்சமெல்லாம் பள்ளிக்கூடமும் வாத்தியார்களும்.

ஜூலை 2, இரவு

இலவச லேப்டாப் பேச்சு வந்துவிட்டது. “அத்தனை லட்சம் லேப்டாப் கொடுத்து என்ன ஆனது, சினிமா பார்த்தார்கள்” என்று எழுதியவருக்கு.

எனக்கும் கிடைத்தது. 2011 செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோது நான் பன்னிரண்டாம் வகுப்பு. கைக்கு வந்தபோது பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது, பள்ளிப் படிப்புக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது, அதை எங்கள் வகுப்பில் யாரும் திறக்கக்கூட இல்லை. கல்லூரியில்தான் அது எனக்குக் கருவியானது. பி.எஸ்சி. கணிதம் சேர்ந்த பிறகு தமிழ்த் தட்டச்சு, விரிதாள், வடிவியல் படம் வரையும் ஜியோஜீப்ரா மென்பொருள் எல்லாம் அதில்தான் பழகினேன். வருமானச் சான்று, உதவித்தொகை விண்ணப்பம் என்று தெருவுக்கே என் வீட்டில்தான் போட்டோம். அப்பா கைநாட்டு. அவர் வீட்டில் கணினி இருந்தது என்பதை மதிப்பெண்ணை வைத்து அளக்க முடியாது. 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்த ஒரு திட்டத்தை ஒரே வரியில் தள்ளாதீர்கள்.

ஆனால், லேப்டாப் கொடுத்தால் கணக்கு வந்துவிடும் என்றும் யாரும் சொல்லக் கூடாது. பெரு நாட்டில் 2008 வாக்கில் ‘பிள்ளைக்கு ஒரு லேப்டாப்’ என்று கிராமப் பள்ளிகளுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். 319 பள்ளிகளை எடுத்து ஆராய்ந்தார்கள். கணினி வராத பள்ளிகளில் எட்டுப் பிள்ளைக்கு ஒன்று என்ற அளவில் இருந்தபோது, வந்த பள்ளிகளில் தலைக்கு ஒன்றுக்கு மேலேயே இருந்தது. கணக்கிலும் மொழியிலும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பாடம் எடுக்கும் முறை மாறவில்லை, மேசை மேல் இன்னொரு சாமான் வந்தது, அவ்வளவுதான்.

2025ஆம் வருஷத் தமிழ்நாடு பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப்போ டேப்லெட்டோ தருவதாக அறிவித்தார்கள். கல்லூரிப் பிள்ளைக்கு அது கட்டாயம் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஜூலை 6

“பிள்ளைகளைக் கம்ப்யூட்டரோடு விட்டுவிட்டால் தானே கற்றுக்கொள்ளும், டெல்லியில் சுவரில் ஓட்டை போட்டு வைத்து நிரூபித்தார்கள்” என்று மேலே ஒரு பதிவு. கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா 1999இல் டெல்லி கால்காஜியில் செய்தது. சரிதான். ஆனால் அவரே அப்புறம் நம்ம பக்கம் வந்து செய்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் களிக்குப்பம் என்ற ஊர். தமிழ் மட்டும் பேசும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள். கணினியில் மூலக்கூறு உயிரியல் பாடம், அதுவும் இங்கிலீஷில். ஆசிரியர் கிடையாது. பிள்ளைகளே கூடிக் கூடிப் பார்த்துக் கொஞ்சம் கற்றிருந்தார்கள், அது ஆச்சரியம்தான். ஆனால் டெல்லியில் தனியார் பள்ளியில் ஆசிரியரிடம் கற்ற பிள்ளைகளை அவர்கள் எட்டியது எப்போது தெரியுமா? பாடத்தில் ஒன்றும் தெரியாத உள்ளூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று, “அட, இது என்ன? எனக்கும் சொல்லேன்” என்று கேட்கத் தொடங்கிய பிறகு.

ஆகவே அண்ணா, உங்களுக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கு மறந்துவிட்டது என்று சொன்னீர்களே, அது தடையே இல்லை. “ஏன் இந்த வரி? எனக்குப் புரியவில்லை, சொல்லு” என்று கேளுங்கள். மனதாரக் கேளுங்கள். பரீட்சை வைக்கிற தொனி வந்தால் பிள்ளை மூடிக்கொள்ளும்.

ஜூலை 6, சற்று நேரம் கழித்து

அவள் அம்மாவையும் கேட்கச் சொல்லுங்கள். படிக்காத அம்மா கேட்டால் பிள்ளைகள் இன்னும் பொறுமையாகச் சொல்லும், நான் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 19

பத்து நாளாக இங்கே எட்டிப் பார்க்கவில்லை. அதற்குள் “ஸ்வீடனில் கம்ப்யூட்டரையே பள்ளியில் தடை செய்துவிட்டார்கள்” என்று ஓடிக்கொண்டிருக்கிறது. தடை செய்யவில்லை. 2023இல் அச்சுப் புத்தகம் வாங்கப் பள்ளிகளுக்கு அரசு பணம் ஒதுக்கியது. மழலையர் பள்ளியில் டிஜிட்டல் சாதனம் கட்டாயம் என்றிருந்ததையும் விலக்கிக்கொள்வதாக அறிவித்தார்கள். சின்ன வயதில் புத்தகம், கையெழுத்து, சத்தமாக வாசித்தல் என்று திரும்புகிறார்கள். அந்தத் திசை எனக்கும் சம்மதம்தான். நடந்ததை நடந்தபடி சொல்லலாமே.

வீடியோ பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். யூடியூபில் தமிழில் அருமையாகக் கணக்கு நடத்துகிறார்கள், நானே அவர்களிடம் சில வழிகளைக் கற்றிருக்கிறேன். சிக்கல் எங்கே வருகிறது என்றால், பிள்ளை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு “புரிஞ்சிருச்சு அக்கா” என்கிறது. பார்க்கும்போது புரிந்தது உண்மை. மறுநாள் தாளை நீட்டினால் வராது.

ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் காட்டியது இது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு முறை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். நம் ஊரில் “பார்க்காமல் எழுது” என்று வாத்தியார்கள் சொன்னது இதைத்தான். இப்போது என் வகுப்பில் வீடியோ பார்க்கலாம், தடையில்லை. பார்த்து முடித்ததும் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதே கணக்கைப் போட வேண்டும். இரண்டு நாள் கழித்து எண்களை மாற்றி மறுபடி போட வேண்டும்.

ஆகஸ்ட் 2, சனி

“வருங்காலத்தில் வாத்தியாரே தேவைப்படாது, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஏஐ” என்கிறார் பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் தம்பி. அவர் சொல்வதில் பாதி எனக்கு வேண்டும் என்பதால் நிதானமாகவே பதில் எழுதுகிறேன்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் நிலையிலிருந்து பாடம் என்பது திண்ணையில் உட்கார்ந்து நான் ஏங்கிய விஷயம். மூன்று குழுவை ஓர் ஆள் ஓட்டும்போது, ஒரு குழுவிடம் இருந்தால் மற்ற இரண்டும் சும்மா இருக்கும். அங்கே ஒரு நல்ல மென்பொருள் இருந்தால் உண்மையாகவே உதவும். டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற கற்றல் மென்பொருளை வைத்து நடத்திய மையங்களில் செய்த ஆய்வு அதைக் காட்டுகிறது. சேர விரும்பிய பிள்ளைகளில் குலுக்கல் போட்டு ஒரு பாதிக்கு இடம் கொடுத்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள் என்பதே முதலில் தெரிந்த செய்தி. மென்பொருள் அந்த வகுப்புப் பாடத்தைக் கொடுக்காமல் பிள்ளை நின்ற இடத்திலிருந்து கேள்வி கொடுத்தது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம், மிகவும் பின்தங்கிய பிள்ளைகளும் மேலே வந்தார்கள்.

ஆனால் தம்பி, அந்த மையத்தில் 45 நிமிடம் கணினி, 45 நிமிடம் சின்னக் குழுவாக ஒரு ஆளோடு படிப்பு. இந்தப் பின்பாதியை எல்லோரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். தெரிந்தவர் வீட்டில் ஐந்தாம் வகுப்புப் பெண், காசு கட்டி வாங்கிய ஒரு கற்றல் செயலி. கேள்விக்குக் கீழே நான்கு விடை. முதலாவதைத் தொட்டாள், சிவப்பு. இரண்டாவது, சிவப்பு. மூன்றாவது, பச்சை, கைதட்டல் சத்தம், ஒரு நட்சத்திரம். அடுத்த கேள்வி. கேள்வியின் மேல் அவள் கண் போகவே இல்லை, கட்டைவிரல் மட்டும் ஓடியது. அம்மா சமையலறையிலிருந்து கைதட்டலைக் கேட்டு “நல்லா படிக்கிறா” என்றார். செயலியின் அறிக்கையிலும் அன்று பாடம் முடிந்தது என்றுதான் இருக்கும். பக்கத்தில் ஒரு ஆள் இருந்து, “இதை ஏன் தொட்டே?” என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் அந்த ஓட்டம் நின்றிருக்கும்.

நாங்கள் கிணற்றில் நீச்சல் பழகும்போது முதுகில் சுரைக்குடுக்கை கட்டி விடுவார்கள், பிற்பாடு எண்ணெய் கேன். மூழ்காமல் பிடித்துக்கொள்ளும், கை காலை நாம்தான் அடிக்க வேண்டும். எனக்கு வேண்டிய ஏஐ அந்தக் கேன் மாதிரி இருந்தால் போதும். கையையும் காலையும் அதுவே அடித்தால் பிள்ளை நனைந்துதான் கரையேறும்.

ஆகஸ்ட் 3

பெங்களூர்த் தம்பி கோபிக்கவில்லை, நன்றி. “அப்படியானால் வாத்தியாருக்கு என்ன வேலை மிஞ்சும்?” என்று கேட்கிறார். மிஞ்சுவது நிறைய. வருகைப்பதிவு, எமிஸ் என்ற அரசின் பள்ளி விவரத் தளத்தில் பதிவேற்றம், ஒரே விவரத்தை மூன்று இடத்தில் நிரப்புவது என்று பள்ளி ஆசிரியர்களின் நேரம் இப்போது ஃபோனில்தான் கரைகிறது. என் தோழி அரசுப் பள்ளி ஆசிரியை, பாடவேளையின் முதல் சில நிமிடங்கள் சர்வர் திறக்கக் காத்திருந்தே போகும் என்பாள். தொழில்நுட்பம் முதலில் அந்தச் சுமையை எடுக்கட்டும். முப்பது நோட்டில் எந்தப் பிள்ளைகள் ஒரே தப்பைச் செய்கிறார்கள் என்று தொகுத்துச் சொல்லட்டும். அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தாளை மடிக்கச் சொல்வதை ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

ஆகஸ்ட் 10

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஏஐயை நேரடியாகவே வைத்துப் பார்த்தோம், என் ஃபோனில், எல்லோரும் சுற்றி உட்கார்ந்து. முதலில் கேள்வியை மட்டும் போட்டோம். முழு விடையும் கொட்டியது. அப்புறம் இப்படி எழுதினோம்: “விடை சொல்லாதே. நான் எழுதியிருக்கும் வரியைப் பார். தப்பு இருந்தால் எந்த வரி என்று மட்டும் சொல். ஏன் என்று என்னையே கேள்.” நடத்தை மாறிவிட்டது. “மூன்றாவது வரியில் குறியைச் சரிபார்க்கவும், ஒரு உறுப்பை மறுபக்கம் கொண்டுபோனால் என்ன ஆகும்?” என்று கேட்டது. ஒரு பெண், “அய்யோ, மைனஸ்!” என்று கத்தினாள். அவள் சத்தத்தைக் கேட்டு எனக்கே சந்தோஷம்.

இரண்டு எச்சரிக்கை. பாடநூலில் இல்லாத சொற்களை அது தமிழில் போடுகிறது, தமிழ் வழிப் பிள்ளைகள் திணறுகிறார்கள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் வேண்டும். இன்னொன்று, ஒரு வடிவியல் கணக்கில் சரியான விடையைத் தவறு என்று அடித்துச் சொன்னது. பிள்ளைகளிடம் நிரூபிக்கச் சொன்னேன். அதில் அவர்களுக்கு வந்த ஆவேசம் இருக்கிறதே, எந்த வகுப்பிலும் நான் பார்க்காதது. ஒரு வழிக்கு இரண்டு வழியாகப் போட்டுக் காட்டினார்கள்.

ஆகஸ்ட் 11

அண்ணா, காலாண்டுக்கு முன் மகள் ஏழாம் வகுப்புப் பின்னத்தை முடித்து எட்டுக்கு வந்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படுத்தாதீர்கள். காலாண்டில் மதிப்பெண் ஏறாவிட்டாலும் பரவாயில்லை. ஃபோன் நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில், கூடத்தில், எழுதி முடித்த பிறகு சரிபார்க்க மட்டும். உங்கள் முழுத் தடையைவிட இது கடினம், தெரியும். நீங்களும் உட்கார வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 24

பழைய இலவச லேப்டாப் பரணில் கிடக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டவருக்கு: தூக்கிப் போடாதீர்கள். பேட்டரி செத்திருந்தாலும் சார்ஜரைச் சொருகியபடி பெரும்பாலும் ஓடும். ஜியோஜீப்ரா கிளாசிக் 5ஐ நெட் இருக்கும் இடத்தில் ஒரு பென்டிரைவில் இறக்கி இதில் போடுங்கள், அப்புறம் நெட் தேவையில்லை. ஒன்பதாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் நடுக்கோட்டு மையம் வருகிறது அல்லவா, அதற்கு அருமை. நம் பாடநூலிலேயே இணையச் செயல்பாடு என்ற பகுதியில் ஜியோஜீப்ராவுக்கு க்யூஆர் குறியீடு இருக்கும், பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நான் செய்வது இப்படி. முதலில் ஆளுக்கொரு முக்கோணம், வரைபடத்தாளில், பென்சிலும் ஸ்கேலும் வைத்து. மூன்று நடுக்கோடு போட வேண்டும். சிலருக்கு ஒரே புள்ளியில் சேரும், சிலருக்குத் தள்ளிப் போகும். தள்ளிப் போனவர்கள் “என் முக்கோணத்துக்கு வராது போல” என்பார்கள். அப்போது லேப்டாப்பைத் திறந்து அவர்கள் முனைகளையே கொடுத்து வரைவேன். ஒரு முனையைப் பிடித்து இழுக்கச் சொல்வேன். எவ்வளவு கோணலாக இழுத்தாலும் மூன்று கோடும் ஒரே புள்ளியில்தான். எந்தக் கோட்டில் தன் ஸ்கேல் நகர்ந்தது என்று தேடித் தாளுக்குத் திரும்புவார்கள்.

சார்ஜர் கிடைக்காதவர்கள் மாடல் எண்ணை இங்கே போடுங்கள். சேலத்தில் பழைய சார்ஜர் விற்கும் கடை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கேட்டுச் சொல்கிறேன்.